அதிரடிப் படத்தில் நாம் யாருக்காகப் பதறுகிறோம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் படம் திரையிடுகிறோம். நான்கு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. கொழுந்து பறிக்கும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேன் ஓட்டுநர்கள், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று முப்பது நாற்பது பேர் வருவார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டு, தேநீர் ஊற்றும்போது பேச்சு தொடங்கும். பெரும்பாலும் சண்டைப் படங்களையே விரும்பிக் கேட்கிறார்கள். கேள்விகளும் அவற்றைச் சுற்றியே வருகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், அங்கே நான் சொன்ன பதில்களையும், சொல்ல விட்டுப்போய் வீட்டுக்கு நடக்கும்போது நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில படங்களின் முடிவுகள் இதில் வெளிப்படும். பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை பார்க்கத்தானே டிக்கெட் வாங்குகிறோம்? ஆளைப் பற்றி எதற்கு இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?

ஓர் ஐப்பசி மாலையில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாளாக விடாத மழை. கடைத்தெருவில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் ஒதுங்கியிருந்தோம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து ஒரு பஸ் நடுவழியில் மாட்டிக்கொண்டதாக ஒருவர் நனைந்தபடி வந்து சொன்னார். 2009 நவம்பரில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோன மலை இது. எல்லோரும் “அடடா” என்றோம். டம்ளரை யாரும் கீழே வைக்கவில்லை.

மூலையில் நின்றிருந்த ஓர் அம்மா, “எத்தனை மணி பஸ்?” என்று கேட்டார். ஐந்து மணிக்குப் புறப்பட்டது என்றார் வந்தவர். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சற்று முன்தான், மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்து முதல் மாதச் சம்பளத்தோடு ஐந்து மணி பஸ்ஸில் வருகிறாள், அவளுக்குப் பிடிக்கும் என்று வர்க்கி வாங்க வந்தேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். வர்க்கிப் பொட்டலம் கையில் இருந்தது. அடுத்த நிமிடம் கடையில் ஒருவரும் இல்லை. ஒருவர் ஜீப் எடுக்க ஓடினார், ஒருவர் டார்ச் தேடினார், கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார். (மகள் இரவு ஒன்பது மணிக்குச் சேறு படிந்த செருப்போடு நலமாக வந்து சேர்ந்தாள்.)

செய்தி இரண்டு முறையும் ஒன்றுதான். மண்ணும் பஸ்ஸும் மாறவில்லை. உள்ளே இருப்பது யார், அவளுக்காக இங்கே காத்திருப்பது யார் என்று தெரிந்தபோதுதான் எங்கள் கால்கள் நகர்ந்தன. திரையில் இருபது கார்கள் உருண்டாலும், உள்ளிருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் நாம் டம்ளரைப் பிடித்தபடி “அடடா” சொல்லிக்கொண்டிருப்போம். கண் பார்க்கும், அடிவயிறு கலங்காது. டிக்கெட் வாங்குவது சண்டைக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் அந்தச் சண்டையில் தேடிப்போவது அந்தக் கலக்கத்தை.

அப்படியானால் நாயகன் நல்லவனாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அவன் எதையாவது விரும்ப வேண்டும். இழந்தால் தாங்க முடியாத ஏதாவது ஒன்று அவனிடம் இருக்க வேண்டும். அது நமக்குத் தெரிய வேண்டும். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தின் வேலு கடத்தல்காரர், கொலை செய்தவர். அவரை நாம் நல்லவர் பட்டியலில் வைப்பதில்லை. ஆனால் வளர்த்த தகப்பனைச் சிறையில் கொன்ற காவல் அதிகாரியை அவர் தெருவில் அடித்துக் கொல்லும்போது, அந்தத் தகப்பன் பிணமாகக் கிடந்ததை நாமும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் படம் அதோடு நிறுத்தவில்லை என்பதால்தான் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறேன். செத்த அதிகாரிக்கு மனைவி இருக்கிறாள், மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருக்கிறான் என்று பிறகுதான் தெரிகிறது. அவர்களை வேலு ஆதரிக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, நீதிமன்ற வாசலில் வேலுவைச் சுடுவது அந்த மகனின் கைதான். ஒரு சண்டைக்காட்சியில் அடி வாங்கி விழுந்தவனுக்கும் வீடு உண்டு என்று நினைத்துப் பார்த்த படம் அது. எங்கள் திரையிடலில் அந்தக் கடைசிக் காட்சி முடிந்ததும் யாரும் தேநீர் கேட்கவில்லை.

இரண்டரை மணி நேரப் படத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

நேரம் அதிகம் தேவைப்படுவதில்லை. 2019இல் வந்த ‘கைதி’யைப் பாருங்கள். கதை முழுவதும் ஒரே இரவு. பாட்டு இல்லை, காதலி இல்லை. பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்து வெளியே வந்த டில்லி, பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறான். அவள் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்கிறாள். தன்னைப் பார்க்க யாரோ வரப்போகிறார்கள் என்று தெரியும், யாரென்று தெரியாது. படம் இதைச் சொல்லச் சில நிமிடங்களே எடுத்துக்கொள்கிறது. பிறகு, நஞ்சு கலந்த மதுவைக் குடித்து மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஏற்றிய லாரியை ஓட்டும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. அதன்பின் அந்த லாரியின் மேல் விழும் ஒவ்வொரு அடியும் அந்தக் குழந்தை காத்திருக்கும் வாசலை ஒரு முழம் தள்ளிவைக்கிறது.

நாங்கள் அதைத் திரையிட்டபோது முன்வரிசையில் ஒரு பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் இருபது பேர் அடித்துக்கொள்ளும்போது பக்கத்திலிருந்த பேத்தியிடம், “அந்தப் பிள்ளை தூங்கியிருக்குமா?” என்று கேட்டார். படம் எடுத்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

அதே படத்தில் கமிஷனர் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் நெப்போலியன் என்ற காவலரையும் சொல்ல வேண்டும். உடல்பலம் இல்லை, அதிகாரம் இல்லை. உடன் இருப்பது சில கல்லூரி மாணவர்கள். வெளியே ஒரு கும்பல். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்கிறார். டில்லியின் கைவலிமையைப் பார்த்துப் பழகிய நமக்கு அவன்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த மனிதரிடம் அப்படி ஒன்றும் இல்லாததால் அந்தக் கதவின் ஒவ்வொரு அதிர்வும் நம்மேல் விழுகிறது.

நேரம் எடுத்துக்கொண்டு செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ 1954இல் வந்தது. 207 நிமிடங்கள் ஓடும். கொள்ளையர்களிடமிருந்து கிராமத்தைக் காக்க வீரர்களைத் தேடிச் சேர்ப்பதும், ஊரைத் தயார்செய்வதுமே படத்தின் பெரும்பகுதி. வீரர்களுக்கு அரிசிச்சோறு போட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் சிறுதானியத்தைத் தின்று வயிற்றைக் கழுவுகிறார்கள். அது தெரிந்த பிறகு வீரர்கள் ஒரு கவளம் சோற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. கடைசி மழைச்சண்டையில் சேற்றில் விழுகிற ஒவ்வொருவரையும் நமக்குத் தெரியும். அவன் எப்படிச் சிரிப்பான் என்பதுகூடத் தெரியும்.

பின்னணி இசை பலமாக இருந்தால் போதாதா?

காது அதிரும், உடம்பு சிலிர்க்கும். வாசலைத் தாண்டுவதற்குள் அந்தச் சிலிர்ப்பு இறங்கிவிடும். இசை இருக்கிற உணர்ச்சியை உயர்த்திப் பிடிக்கும். இல்லாத உணர்ச்சியை அதனால் உண்டாக்க முடியாது.

இதெல்லாம் வெளிநாட்டுத் திரைக்கதைப் பாடம்தானே? நம் மரபில் இப்படி யாராவது சொல்லியிருக்கிறார்களா?

தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி இதைக் கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஆகவே பதில் நீளும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை (மகிழ்ச்சி). ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களும் சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, அது தரும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை வெட்டுதல், குடியையும் சுற்றத்தையும் கெடுத்தல், அடித்து அலைக்கழித்தல், கொல்லுதல். நம் படங்களில் நாயகன் கை ஓங்குவதற்கு முன் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்று நடந்திருக்கும். சினத்துக்குப் பிறப்பிடம் உண்டு, அதைக் காட்டாமல் சினத்தை மட்டும் காட்டினால் மெய்ப்பாடு பார்ப்பவர் உடம்பில் ஏறாது என்பதை அந்த இலக்கணம் அன்றே கணக்கில் வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீரத்தைப் பெருமிதம் என்கிறார் தொல்காப்பியர். அது பிறக்கும் இடங்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை. இந்த நான்கில் தறுகண் மட்டும்தான் அஞ்சாமல் அடிபிடியில் இறங்குவது. மற்ற மூன்றும் அறிவு, புகழுக்கு இழுக்கு வராமல் வாழ்வது, கொடுப்பது. இன்றைய பல படங்கள் நாயகனுக்குத் தறுகண்ணை மட்டும் கொடுத்துவிட்டு மூன்றையும் மறந்துவிடுகின்றன. கொடுக்கிற ஒரு காட்சி, ஒரு பாக்கியைத் திருப்பித் தருகிற ஒரு காட்சி இருந்தால் அவன் அடுத்து ஓங்கும் கைக்கு எடை கூடும்.

புறநானூற்றின் 279ஆம் பாட்டுக்கு வருகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஒரு வீட்டு ஆண்கள் முன்னொரு நாள் போரிலும் நேற்றைய போரிலும் விழுந்துவிட்டார்கள். இன்றும் போர்ப்பறை கேட்கிறது. மிச்சம் இருப்பவன் ஒரே மகன், சிறுவன். அவனுடைய பரந்து கிடக்கும் குடுமியில் தாய் எண்ணெய் நீவுகிறாள், வெள்ளாடையை உடுத்துகிறாள், கையில் வேலைக் கொடுத்துப் போருக்குப் போ என்று அனுப்புகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அவன் போகும் போர்க்களம் பாட்டுக்குள் வரவே இல்லை. ஆனால் அந்த எண்ணெய்க் கையைப் பார்த்த பிறகு, அந்தப் போரை நினைக்கும்போதே தொண்டை அடைக்கிறது. சண்டைப் படம் எடுக்க நினைக்கும் எல்லோருக்கும் இந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கம்பரும் இதையே வேறு வழியில் செய்கிறார். கும்பகருணன் களத்துக்கு வந்தவுடன் அம்பு பறக்கத் தொடங்குவதில்லை. இராமன் பக்கம் போய்விட்ட தம்பி வீடணன் அண்ணனிடம் வருகிறான், எங்களோடு வந்துவிடு என்கிறான். இராவணன் செய்தது தவறு என்று கும்பகருணனுக்குத் தெரியும். இருந்தும், வளர்த்து ஆளாக்கிப் போருக்கு அனுப்பியவனை விட்டு வரமாட்டேன் என்கிறான். நீ போய் வாழ்ந்திரு என்று தம்பியைத் தழுவி அனுப்புகிறான். இதற்குப் பிறகு நடக்கும் போரில் நாம் எந்தப் பக்கம் நிற்பது? இராமன் வெல்ல வேண்டும் என்றும் இருக்கிறது, கும்பகருணன் விழக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நம்மை நிறுத்திவிட்டுத்தான் கம்பர் சண்டையைத் தொடங்குகிறார்.

பெரிய நட்சத்திரம் நடித்தால் ரசிகர்களுக்கு ஏற்கெனவே பாசம் இருக்கிறதே. தனியாக எதற்கு?

முதல் பதினைந்து நிமிடத்துக்கு அந்தப் பாசம் போதும். அதற்குப் பிறகும் அதையே நம்பியிருந்தால், ரசிகர் கை தட்டிவிட்டு அமைதியாகிவிடுவார். ரசிகர் அல்லாதவர் கைபேசியை எடுப்பார்.

1995இல் வந்த ‘பாட்ஷா’வில் ரஜினிகாந்துக்கு அறிமுகமே தேவையில்லை. இருந்தும் படம் இடைவேளைக்கு வரும்வரை அவரை அடிக்க விடவில்லை. ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தம்பியைக் காப்பாற்றத் தானே முன்வந்து கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் நிற்கிறான் என்று நமக்குப் புரியப் புரிய, அந்தப் பொறுமையின் காரணத்தை அறியத் துடிக்கிறோம். தங்கையின்மேல் கை வைக்கிறார்கள், கட்டு அவிழ்கிறது. தொல்காப்பியர் சொன்ன அலையும் குடிகோளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பாருங்கள். அந்த அடிக்காகத் திரையரங்கு எழுந்து நின்றது நட்சத்திரத்தால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. அவன் வாங்கிய அடிகளை நாம் எண்ணி வைத்திருந்தோம்.

முதல் பத்து நிமிடத்தில் மனைவியையோ மகளையோ கொன்றுவிட்டால் போதுமே? பல படங்களில் அப்படித்தானே செய்கிறார்கள்?

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு பெண் வருகிறாள், சிரிக்கிறாள், ஒரு பாட்டுப் பாடுகிறாள், செத்துப்போகிறாள். அவளுக்கு என்ன வேலை, என்ன பிடிக்கும், கணவனோடு எதற்குச் சண்டை போடுவாள் என்று ஒன்றும் தெரியாது. அவளுடைய சாவு நாயகனுக்குக் கத்தி எடுக்க ஒரு சீட்டு, அவ்வளவுதான். பார்ப்பவர் மனம் இதைக் கண்டுபிடித்துவிடும். எங்கள் திரையிடலுக்கு வரும் பெண்கள் இத்தகைய காட்சி தொடங்கும்போதே, “இவள் போய்விடுவாள்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வேறு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சாவு மட்டும் பற்றைக் கொண்டுவராது. சாவதற்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும். ‘ஜான் விக்’ 2014இல் வந்தது. அதில் கொல்லப்படுவது ஒரு நாய்க்குட்டி. கேட்கிறவர்கள் வியப்பார்கள், ஒரு குட்டிக்காகவா இவ்வளவு கொலை என்று. ஆனால் நோயில் இறந்த மனைவி, தனக்குப் பின் கணவன் தனியாகிவிடக் கூடாது என்று அனுப்பிவைத்த குட்டி அது. காலையில் அது அவனை எழுப்புகிறது, அவன் தன் சிற்றுண்டியை அதற்கும் ஊற்றி வைக்கிறான். அந்த வீட்டின் வெறுமையையும் அதில் முளைத்த சிறிய பழக்கத்தையும் படம் பொறுமையாகக் காட்டிவிட்டது. குட்டி செத்தபோது மனைவி இரண்டாம் முறை செத்தாள். குட்டியின் வாழ்க்கைக்குக் கொடுத்த கவனத்தை நம் படங்கள் ஒரு மனைவியின் வாழ்க்கைக்குக் கொடுக்கலாம்.

வில்லனே இல்லாத, ஒருவரை ஒருவர் அடிக்காத படத்தில் இந்தப் பதைப்பு வருமா?

வரும். அதற்கு எடுத்துக்காட்டு நமக்குத் தெற்கே, பழனி மலையில் நடந்த கதை. கொடைக்கானலில் முன்பு பேய்களின் சமையலறை என்ற பொருளில் டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்ட குகைகள், 1991இல் ‘குணா’ அங்கே படமான பிறகு குணா குகை என்றே ஆகிவிட்டன. 2006இல் கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலில் இருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே ஆழமான பிளவுக்குள் விழுந்தார். நண்பர் ஒருவரே கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அதைத்தான் 2024இல் மலையாளத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று எடுத்தார்கள்.

எதிரி என்று யாரும் இல்லை; பாறை, இருட்டு, மழைநீர், ஆழம். படத்தின் தொடக்கத்தில் அந்த நண்பர்கள் ஊரில் ஒரு கயிறு இழுக்கும் போட்டியில் இழுக்கிறார்கள். பார்க்கும்போது அது வெறும் கலகலப்பு. பிறகு குகை வாயில் அதே கைகள், கீழே இரண்டு உயிர் தொங்கும் கயிற்றை இழுக்கின்றன. யார் முன்னால் நிற்பான், யார் பின்னால் பிடித்துக்கொள்வான் என்று நமக்கு முன்பே தெரியும். நான் அதை மேட்டுப்பாளையத்தில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்தவர் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தான் இழுப்பது அவருக்கே தெரியவில்லை.

மலையில் வாழ்கிறவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வழுக்கும் பாறையையும் மூடுபனியையும் வைத்துப் பார்ப்பவரைப் பயமுறுத்துவது எளிது என்று வெளியூர்ப் படக்குழுவினர் நினைக்கிறார்கள். நாங்கள் தினமும் அவற்றின் நடுவில்தான் பால் வாங்கப் போகிறோம். பள்ளத்தாக்கு எங்களைப் பயமுறுத்துவது, அதன் விளிம்பில் தெரிந்த முகம் நிற்கும்போது.

சண்டையை அமைப்பவருக்கு இதில் என்ன பங்கு? கதையாசிரியர் வேலைதானே இது?

பங்கு பெரியது. வலியைக் காட்டுவதும் மறைப்பதும் சண்டைப் பயிற்சியாளர் கையில் இருக்கிறது. ஜாக்கி சானின் சண்டைகளில் அவர் ஓங்கிக் குத்திய பிறகு தன் கையையே உதறிக்கொள்வார், முகம் சுளிப்பார், அடுத்த அடிக்கு முன் ஓடப் பார்ப்பார். அந்த உதறலில் அவர் நம்மில் ஒருவராகிவிடுகிறார். நூறு பேர் காற்றில் பறந்து விழ, அடிப்பவனின் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கும்போது அங்கே ஆபத்து என்று ஒன்று இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் அக்கறைக்கு வேலை இல்லை.

1988இல் வந்த ‘டை ஹார்ட்’ படத்தில் நாயகன் விமானத்தில் உடன்வந்தவர் சொன்ன யோசனைப்படி செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் காலை அழுத்திக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தைக் கொள்ளையர் பிடித்துவிடுகிறார்கள். படம் முழுவதும் வெறுங்கால். எதிரி அதைக் கவனித்துக் கண்ணாடிச் சுவர்களைச் சுடச் சொல்கிறான். பிறகு குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து சில்லுகளைப் பிடுங்கியபடி, முகம் பார்த்திராத ஒரு போலீஸ்காரரிடம் வானொலிக் கருவியில், தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுமாறு சொல்கிறான். காலில் இருக்கும் காயமும் மணவாழ்க்கையில் இருக்கும் காயமும் ஒரே காட்சியில் திறக்கின்றன. எழுதியவரும் இயக்கியவரும் சண்டை அமைத்தவரும் நடித்தவரும் ஒரே திசையில் யோசித்தால் மட்டுமே இது நடக்கும்.

இன்னொரு சிறு விஷயம், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நொடிக்கு நொடி வெட்டி ஒட்டினால் கை தெரிகிறது, கால் தெரிகிறது, கதவு எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்தால் சாதாரணப் பேச்சும் பதினைந்து நிமிடம் பதற வைக்கும், தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சியே மிஞ்சும் என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவிடம் விளக்கியிருக்கிறார். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்களை நமக்குப் பிடித்திருந்தால் பதினைந்து நிமிடம் ஒரு யுகமாகிவிடும் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

அந்தக் காலத்து வாள்சண்டைகளில் இவ்வளவு யோசித்தார்களா?

போட்டோ பிலிம்ஸ் பெரியவர் கேட்டது. யோசித்திருக்கிறார்கள் என்றே சொல்வேன். 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் எம்.ஜி.ஆர். ஒரு வைத்தியர். காயம்பட்டவருக்கு மருந்து போட்டதற்காகவே தண்டனை பெற்று அடிமையாக விற்கப்படுகிறார். அதன்பின் அவர் வாள் எடுக்கும்போது உடனிருக்கும் அடிமைகள் அத்தனை பேருடைய விடுதலையும் அந்த வாளின் நுனியில் நிற்கிறது. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, சிறுவயதில் அந்தப் படத்தை ஊட்டியில் பார்த்துவிட்டு நண்பர்களோடு விறகுக்குச்சியில் வாள் செய்ததைச் சொன்னார். “வைத்தியர் வேடத்துக்குத்தான் எங்களுக்குள் சண்டை” என்றார். நம்பியார் வேடம் எப்போதும் கடைக்குட்டிக்குப் போனதாம்.

உணர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சண்டையின் வேகம் கெட்டுவிடாதா?

கெடும். சண்டைக்கு நடுவில் நிறுத்தி அம்மா நினைவைப் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டும் வீணாகும். விதை முன்பே விழுந்திருக்க வேண்டும்; சண்டையில் ஒரு பார்வை, ஒரு பொருள், ஒரு பெயர் போதும். அழுதுகொண்டே இருக்கும் நாயகனைவிட அழுகையை அடக்குகிறவனோடு நாம் வேகமாக ஒட்டிக்கொள்கிறோம்.

வெறும் சண்டையிலேயே பெயர் வாங்கிய படங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவற்றின் உடற்கலையை நான் மதிக்கிறேன். இந்தோனேசியாவில் எடுத்து 2011இல் வந்த ‘தி ரெய்ட்’ படத்தை இளைஞர்கள் சொல்வார்கள்: ஓர் அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே போகும் போலீஸ் படை, தொடக்கம் முதல் முடிவு வரை சண்டை. அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். முதல் காட்சியில் நாயகன் விடிகாலையில் தொழுகிறான், கர்ப்பிணி மனைவியிடம் விடைபெறுகிறான், அவனைக் கூட்டிவருவேன் என்று தந்தையிடம் சொல்கிறான். அந்த ‘அவன்’ யார் என்பது பின்னால்தான் தெரிகிறது: எதிரிக் கும்பலில் இருக்கும் உடன்பிறந்தவன். மூன்று நான்கு நிமிடம்தான். பிறகு மாடி மாடியாக ஏறும்போது அந்தக் காலை நேரம் அவன் கூடவே ஏறுகிறது.

நாங்கள் கைபேசியில் குறும்படம் எடுக்கிறோம். காசு இல்லை, சண்டை அமைக்க ஆளும் இல்லை. என்ன செய்யலாம்?

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் நால்வர் போன ஆண்டு செய்ததைச் சொல்கிறேன். ஒரு பையனை மூன்று பேர் துரத்துகிறார்கள், தேயிலைத் தோட்டம் வழியாக. அவ்வளவுதான் கதை. முதலில் கோடநாடு காட்சிமுனையில் வைக்கலாமா, வாடகைக்கு டிரோன் எடுக்கலாமா என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் வீட்டுக்குப் பின்னாலேயே எடுத்தார்கள். தேயிலைக்குள் ஓடுவது படங்களில் காட்டுவதுபோல எளிதாக இல்லை. செடி இடுப்பளவு அடர்ந்து நிற்கும், கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடத்தில்தான் கால் வைக்க முடியும். கவாத்து செய்த பகுதியில் வெட்டிய கிளைகள் ஈட்டிபோல நிற்கும். இரண்டு பேருக்கு முட்டி கிழிந்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், ஆறு நிமிடம் ஓட்டம்; பார்த்தவர்கள் மூன்றாம் நிமிடத்தில் எந்தத் தோட்டம் இது, யார் வீட்டுக் கூரை அது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பிள்ளைகள் வாடிப்போனார்கள். ஓடுகிற பையன் எங்கிருந்து வருகிறான் என்று நான் கேட்டேன். கடையிலிருந்து என்றான் ஒருவன். எதற்குப் போனான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாட்டியின் கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்து வாங்கப் போனான் என்றாள் கேமரா பிடித்த பெண். அவளுடைய பாட்டிக்கு உண்மையில் அப்படி ஒரு கண்ணாடி இருந்தது, ஒரு பக்கம் நூல் சுற்றியது.

அடுத்த ஞாயிறு புதிதாக இரண்டே காட்சிகள் எடுத்தார்கள். ஒன்றில், பாட்டி அரிசியை முறத்தில் பரப்பிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்க் கல் பொறுக்குகிறார். ஒரு கல் தப்பிவிடுகிறது. இன்னொன்றில், பையன் கடையில் கண்ணாடியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைக்கிறான். துரத்தும் பகுதியிலும் ஒரேயொரு மாற்றம் கேட்டார்கள்: ஓடும்போது அவன் ஒரு கையை அந்தப் பையின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அதை மட்டும் திரும்ப எடுத்தார்கள். ஒரு கையை மார்போடு அழுத்திக்கொண்டு ஓடினால் தடுமாறத்தான் செய்யும். நடிக்கச் சொல்லாமலே தடுமாறினான். தடம் வளையும் இடத்தில் முகம் குப்புற விழுந்தான். விழும்போது கையைத் தரையில் ஊன்றவில்லை.

அந்த இடத்தில் எங்கள் வேட்டித் திரைக்கு முன்னால் இருந்த முப்பது பேரும் ஒன்றாக “ஐயோ” என்றார்கள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எழுந்து ஓடுவதையும் அவர்கள் எடுத்திருந்தார்கள், வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள். விளக்கு போட்டதும் அந்தப் பாட்டி, தன் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, உடைந்துவிட்டதா இல்லையா என்று பேத்தியைக் கேட்டார். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.